கதிரைச் சட்டை உடுத்த ஊர்

மன்னார்த் தீவில் மனிசரைவிடக் கதிரைகளைக் கூடுதலாக மதித்த ஒரே ஆள் எங்கள் சவுக்காரம் அண்ணைதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் அதை யாரும் விசாரித்ததில்லை. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரை, மேசை, அண்டா, பந்தல் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சவுக்காரத் துண்டு இருக்கும். திரும்பி வந்த கதிரைகளைக் கிணற்றடியில் நிறுத்தி, சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல இண்டு இடுக்கெல்லாம் தேய்ப்பார். பக்கத்து வளவிலிருந்து நான் அதைப் பார்த்தபடிதான் தேத்தண்ணி குடிப்பேன்.

செத்தவீடென்றால் பந்தலுக்கு வெளியே காவல் நிற்பார். ஒருமுறை ஒரு மனிசி கதிரைக் கைபிடியில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தா. இவர் பின்னால் போய் மெதுவாகச் சொன்னார்: "அழுங்கோ தங்கச்சி, வேண்டாமெண்டு சொல்லேல்லை. மூக்கை மட்டும் லேஞ்சியில துடையுங்கோ."

கொரோனா வந்தபோது ஊரே நடுங்கியது. அவர் மட்டும், "இப்பவாவது விளங்குதோ?" என்று கேட்டுக்கொண்டு றோட்டில் சந்தோசமாகத் திரிந்தார்.

அவருடைய மனைவி திரேசம்மா அக்காவுக்குச் சூசை என்றொரு தம்பி. ஐஸ் கொம்பனியில் மெசின் பார்ப்பவன். அவனுடைய மகளின் முதல்நன்மைக் கொண்டாட்டத்துக்குப் போன கதிரை ஒன்றில் வைத்து யாரோ மீன் வெட்டிப்போட்டார்கள். அன்றோடு மச்சானுடன் பேச்சை நிறுத்தினார் அண்ணை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். கதை மட்டும் அக்கா வழியாகப் போகும்.

"திரேசு, உன்ர தம்பிக்கு இன்னும் சோறு வேணுமோ எண்டு கேள்."

"அக்கா, காணும், வேண்டாமெண்டு சொல்லு."

அக்கா இரண்டையும் காதில் வாங்காமல் சோற்றைப் போடுவா.

இப்படி வருசக்கணக்காக ஓடியது. பிறகு ஒரு காலமை ஐஸ் கொம்பனியில் அமோனியாக் குழாய் வெடித்தது.

முதலில் மணம்தான் வந்தது. மூக்கில் ஊசி ஏற்றியதுபோல இருந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். கொம்பனியில் வேலை செய்தவர்களும், பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களும் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒருவரையொருவர் பிடித்து, இருமி இருமி ஓடிவந்தார்கள். நான் ஆசுப்பத்திரிக்குப் போன் எடுத்தேன். "அம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் உடுப்பைக் கழட்டிப்போட்டு, கண்ணிலயும் மேலிலயும் தண்ணி ஊத்திக்கொண்டே இருங்கோ. நிப்பாட்டவேண்டாம்" என்றா ஒரு நேர்ஸ்.

நான் அதை வேலிக்கு மேலால் கத்தினேன். சவுக்காரம் அண்ணை படலையை அகலத் திறந்துவிட்டார்.

நான் கிணற்று மோட்டரைப் போட்டு வருவதற்குள் வளவு மாறிவிட்டது. அண்டாக்கள் எல்லாம் வரிசையாக நின்றன. பந்தல் கம்புகளுக்கு நடுவே, மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற மேடைக்குக் கட்டும் சிவப்புத் திரை தொங்கியது. ஒரு பக்கம் பெண்கள், மற்றப் பக்கம் ஆண்கள். பெண்கள் பக்கத்தை அக்கா பார்த்தா. ஆண்கள் பக்கத்தில் நான் குழாயைப் பிடித்தேன். அண்ணை செத்தவீட்டு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"உடுப்பைக் கழட்டி அந்த மூலையில போடுங்கோ. வெக்கத்தைப் பிறகு பாப்பம். கண்ணைத் திறந்து வையுங்கோ. எரியும். எரிஞ்சாலும் திறவுங்கோ."

எங்கள் பாதர் ஒரு தொழிலாளியை மோட்டார்சைக்கிளில் அணைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

"பாதர், அங்கியைக் கழட்டுங்கோ."

"எனக்கொண்டும் இல்லை. நான் இவரைக் கொண்டுவந்தனான்."

"அவற்ர உடுப்பு முழுக்க உங்களில உரஞ்சியிருக்கு. கழட்டுங்கோ, பாதர். கர்த்தரும் ஆத்துக்குள்ள இறங்கினவர்தானே."

பாதர் கழற்றினார்.

குளித்து முடித்தவர்களுக்கு உடுக்க ஒன்றுமில்லை. அண்ணை அலுமாரியைத் திறந்து, கலியாணக் கதிரைகளுக்குப் போடும் வெள்ளைப் பட்டுச் சட்டைகளை அள்ளி வந்து கொடுத்தார். அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் ஊர்ப் பாதிச்சனம் இடுப்பில் நாடா வைத்த கதிரைச் சட்டையோடு வரிசையாக இருந்தது. பாதருக்கு றோஸ் நாடா. கண் சிவந்து மூக்கு ஒழுகிய அந்த நிலையிலும் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டா. அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் தொற்றியது.

அந்த நேரம் படலையடியில் ஒரு பொடியன், "சூசையண்ணை இன்னும் உள்ளுக்க" என்றான்.

அண்ணை ஒலிபெருக்கியை என் கையில் தந்துவிட்டு ஓடினார். உடுக்கும் சாரமொன்றை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிச் சுற்றியிருந்தார்; கண்ணை மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை. கொம்பனி வாசலில் விழுந்துகிடந்த சூசையை அவரே தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சூசையின் சட்டையெல்லாம் அமோனியாவில் ஊறியிருந்தது. அந்தச் சட்டையோடு அவருடைய கன்னம் ஒட்டியிருந்தது.

மச்சானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். நான் குழாயைப் பிடிக்க, அவர் கையால் கண்ணிமைகளைப் பிரித்துக் கழுவினார்.

"சூசை, கண்ணைத் திற. என்னைப் பார்."

இடையில் அக்கா இல்லாமல், நேராக.

சூசை இருமினான். பிறகு சொன்னான்: "பூட்டிட்டன், அத்தான்."

குழாயின் வால்வைத்தான் சொன்னான். அதைப் பூட்டத்தான் எல்லாரும் வெளியே ஓட அவன் உள்ளே போயிருக்கிறான்.

"ஓமடா, பூட்டிட்டாய். கதையாத. மூச்சை விடு."

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இரத்தக்கட்டியாக இருந்தன. "அண்ணை, உங்கட கண்ணையும் கழுவுங்கோ" என்று குழாயை அவர் பக்கம் திருப்பினேன். கையால் தட்டிவிட்டார்.

"இவனுக்குப் பிடி."

மறுபடி சொன்னேன். மறுபடியும் தட்டிவிட்டார். அம்புலன்ஸ் வரும்வரை அவர் தன் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணி படவிடவில்லை. ஊரையே கழுவிய மனிசன்.

சூசை ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துபோனான். மற்ற எல்லாரும் தப்பினார்கள்.

செத்தவீட்டுக்குச் சவுக்காரம் அண்ணையின் கதிரைகள்தான் போயின. கண்ணில் கட்டோடு அவரை அக்கா கையில் பிடித்துக் கூட்டிவந்தா. பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினோம். சூசையின் மகள் அவருடைய தோளில் முகத்தை வைத்து, "மாமா, மாமா" என்று அழுதாள். அவருடைய புதுச்சட்டை முழுவதும் நனைந்தது. அவர் அசையவில்லை. ஒருமுறை மட்டும், "அவன் என்னோட கதைச்சவன், பிள்ளை" என்றார்.

கண் வைத்தியத்துக்குக் கொழும்பு வரைக்கும் போய் வந்தார்கள். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. மற்றதில் வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். கதிரைகளை வங்காலை ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். லொறி போன பிறகு வெறும் கிணற்றடியில் அண்ணை வெகுநேரம் நின்றார். நான் அன்றைக்குத் தேத்தண்ணியை உள்ளே போயிருந்து குடித்தேன்.

இப்போது பின்னேரங்களில் அவரைக் கடற்கரைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். என்ன போட் வருகுது, என்ன மீன் படுகுது, வானம் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. "சிவப்பு" என்பேன். "என்ன சிவப்பு? சிவப்பில எத்தினை இருக்கு. உன்னோட வாறதுக்குச் சும்மா வீட்டில இருக்கலாம்" என்று ஏசுவார்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். என் மனிசி போய், "நான் கூட்டிப்போகட்டோ?" என்று கேட்டிருக்கிறா. "வேண்டாம் பிள்ளை. அவனுக்குச் சுகம் வரட்டும்" என்றாராம்.

அடுத்தநாள் காய்ச்சல் விடவில்லை. ஆனாலும் நான் போனேன்.