ரெண்டு இடது கால்

ஷூ கம்பெனியின் பேக்கிங் ஹாலில் பெட்டியைத் திறந்த சூப்பர்வைசர் இன்பராஜ் இரண்டு ஷூக்களையும் தூக்கிக் காட்டினார். இரண்டும் இடது கால்.

"இன்னா மேடம் இது? வாங்கறவன் ரெண்டு இடது காலோட பொறந்தவனா?"

ஹெலன், பெட்டி போட்ட உமைமாவைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள், கற்றதை விடமாட்டாள். இப்படிப்பட்டவர்களுக்கு வேலை தேடித் தந்து, பழகும்வரை பக்கத்தில் நின்று, பிறகு விலகிக்கொள்வதுதான் ஹெலனின் உத்தியோகம். இங்கே வந்து இன்றோடு ஆறு வாரம்.

"அவ தனியா இருக்க இன்னும் ரெடி ஆவல சார்," என்றாள் வழக்கம்போல.

"இதையேதான் தெனம் சொல்றீங்க. நாலு மணி வரைக்கும் பாக்கறேன். தப்பில்லாம போட்டா பர்மனென்ட். இல்லன்னா பேரணாம்பட்டு கம்பெனி பஸ்ல நாளைக்கு இவளுக்கு சீட் இல்ல."

ஹெலன் இடது ஷூக்களில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"பச்சை ஒண்ணு, பச்சை இல்லாதது ஒண்ணு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

அடுத்த பெட்டியில் இரண்டு பச்சைகள் அழகாகப் படுத்திருந்தன.

ஹெலன் ஸ்டிக்கரைப் பிய்த்தாள். பாலிஷும் கூடவே வந்தது. பன்னிரண்டு ஜோடி திரும்பப் பாலிஷுக்குப் போயின.

"எக்ஸ்போர்ட் மால் மேடம்!" என்று தலையில் கைவைத்தார் இன்பராஜ்.

"தள்ளு உமைமா, நான் செஞ்சு காட்டறேன்."

ஷூவை எடுத்ததும் புதுத்தோல் வாசனை அவளை இழுத்துக்கொண்டு போனது. பதினெட்டு வருடத்துக்கு முன் இந்த ஹாலில்தான் தையல் லைன் இருந்தது.

"அந்த ஜன்னலாண்டதான் என் மிஷின். மாதனூர் பஸ் வந்து நின்னா, எங்களுக்கு முன்னாடி எங்க சிரிப்பு எறங்கும். டீ டைம்ல ஒரு பன்னை ஆறு பேரு பிச்சுத் தின்னுவோம். கல்யாணம்னு வேலைய வுட்டு நின்னேன். அன்னிக்கு மிஷினுக்கு உறை போட்டுட்டு..."

ஆறு வாரமாகக் கேட்கும் கதையை உமைமா கண்ணெடுக்காமல் கேட்டாள். எத்தனையோ கம்பெனிகளிலிருந்து சுலபமாக விலகியவள்தான் ஹெலன். இங்கே மட்டும் காலையில் பஸ்ஸுக்கு முன்பே வந்து நிற்கிறாள். ஏனென்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பெட்டியை மூடி நீட்டினாள். இன்பராஜ் திறந்தார். ரெண்டு இடது கால்.

"இது... நான் போட்டது."

"அப்போ ரெண்டு பேரையும் எடுக்க முடியாது!"

மணி நாலாக ஐந்து நிமிடம். ஹெலன் உமைமாவின் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தாள். 'தனியாக வேலை செய்ய முடியாது' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள்.

பக்கத்து மேசை சம்பூர்ணம் அந்தக் கையைப் பிடித்தாள்.

"இருங்க மேடம். திங்கக்கிழமை நீங்க லீவு. இவ தனியா எரநூறு பெட்டி போட்டா. நானே தொறந்து பாத்தேன், ஒண்ணு தப்பில்ல."

"அப்புறம் ஏன் இப்படிப் பண்றா?"

"நானும் கேட்டேன். 'ஹெலன் அக்கா தனியா போவ இன்னும் ரெடி ஆவல'ன்றா."