நீளமான வரிகளைத் தூக்கிய குரங்கு

ஒரு காட்டில், கரண்டும் கம்ப்யூட்டரும் வந்து நியாயம் மட்டும் இன்னும் வந்து சேராத காட்டில், ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவள் தோண்டிய வளைக்குள் மலைப்பாம்பு புகுந்து சுருண்டுகொண்டது. குட்டிகள் வெளியே நனைந்தன.

சிங்கராஜாவிடம் முறையிட வேண்டுமானால், குரங்கின் கம்ப்யூட்டரில் ஒரே வரியில் குறையை ஏற்ற வேண்டும். அவள் ஏற்றினாள்: "என் வளையில் மலைப்பாம்பு. குட்டிகள் மழையில்."

மலைப்பாம்பும் ஏற்றியது. ராஜாவின் பட்டங்கள் அத்தனையும் எழுதி, "அன்னாரின் காலடித் தூசியான எனக்கே அந்த வளை" என்று முடித்தது.

"இவ்வளவையும் ராஜா கேட்க மாட்டார்க்கா," என்றது குரங்கு. "நீள வரியைத் தூக்கிடுவேன். கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி வெச்சா எந்த எழுத்தானாலும் சரின்னு அர்த்தம். பக்கத்துல எண் போட்டா, அத்தனை எழுத்துக்கு மேல நீண்ட வரியெல்லாம் காலி. இருநூறு போடப்போறேன்."

இருநூறு போட்டால் பாம்பு தப்பிவிடும். முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்தது.

"ஐம்பது போடு."

"ஐம்பதா! நீளமா மனு எழுதின யானை என்னை மிதிச்சிடும். நூத்தெண்பது?"

"உன் மூஞ்சி. படிச்சுக் காட்டப்போறவன் நீ. குறைச்சா உன் தொண்டைக்குத்தான் லாபம்."

"நூறுன்னு முடிச்சுக்கலாம்க்கா."

"வேண்டாம், நான் கிளம்புறேன்." கொண்டுவந்த பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். வாசனை குரங்கை இழுத்தது.

"ஐம்பது, ஐம்பது! பழத்தை வெச்சுட்டுப் போ!"

குரங்கு தட்டியது. பாம்பின் வரி போச்சு. கூடவே பட்டியலின் உச்சியில் ராஜாவின் பட்டங்களை அடுக்கியிருந்த வரியும் போச்சு.

சிங்கம் வந்து பார்த்தது. "என் பேர் எங்கடா?"

"அது... கொஞ்சம் நீளமா இருந்துச்சு, ராஜா."

"நான் நீளமா? மத்தவன்தான்டா குட்டை! எடுத்ததையெல்லாம் திரும்பக் கொண்டா. என் வரியைவிடச் சின்னதா எவன் எழுதியிருந்தாலும் தூக்கு!"

குரங்கு கணக்கைத் திருப்பிப் போட்டது. மிஞ்சியவை இரண்டே வரி: ராஜாவின் பட்டங்கள், அதே பட்டங்களோடு பாம்பின் மனு. தன் பெருமையை இரண்டு தடவை கேட்ட ராஜாவுக்குக் கண் கலங்கியது. "வளை இவனுக்கே!"

"ராஜா, அதைத் தோண்டினது நான்!" என்று கத்தினாள் முள்ளம்பன்றி.

"இவ்வளவு சின்னதாச் சொன்னா யாரும்மா நம்புவா?" என்றது சிங்கம்.

நீதி: உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் ராஜாவுக்கு நேரம் மிச்சம், உனக்கு மழை மிச்சம். முதலில் பட்டங்களை எழுது. மூச்சு இருந்தால் குறையைச் சொல்.