அகழி மாஸ்டரின் விசாரணை

பதின்மூன்று நூற்றாண்டு தாமதமாக அகதி விண்ணப்பம் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் அகழி மாஸ்டர்தான்.

எண்பதுகளின் நடுவில், சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்து அகதி விடுதியில் எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம். மாஸ்டர் மன்னார்க்காரர், செபமாலை போட்ட கத்தோலிக்கர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இஸ்லாமிய வரலாறு படிப்பிக்க ஆளில்லாமல் இவரைப் பிடித்துப் போட, பதினெட்டு வருடம் அதையே படிப்பித்துவிட்டார். அதிலும் மதீனா நகரைக் காக்க அகழி வெட்டிய போர் என்றால் அவருக்கு உயிர். உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னால் இரண்டு படையாக அடுக்குவார். போர் முடியும்வரை எங்களுக்குச் சாப்பாடு கிடையாது.

ஒரு மாரியில் விடுதிப் பொறுப்பாளர் வாசல் பனியை ஒதுக்கச் சொல்லி மாஸ்டரிடம் பனி அள்ளும் சவளைக் கொடுத்தார். நான் கடைக்குப் போய் வந்து பார்த்தால், வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு அகழி!

"என்ன மாஸ்டர் இது?"

"மூண்டு பக்கமும் மலை, தம்பி. திறந்த பக்கம் இதொண்டுதான். இனிக் குதிரைப்படை வரேலாது."

குதிரைப்படை வரவில்லை. தபால்காரர் வந்தார். அக்கரையில் நின்று ஏசிக்கொண்டே கடிதங்களை எறிந்தார். அதில் ஒன்று மாஸ்டரின் அகதி விசாரணைக்கான அழைப்பு.

மொழிபெயர்ப்பாளர் நான்தான். எனக்கு நாற்பது ஜெர்மன் சொற்கள் தெரியும், மற்றவர்களுக்குப் பத்து.

"போரில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று அதிகாரி கேட்டார்.

மாஸ்டர் வகுப்பறைக் குரலில் தொடங்கினார்.

"அவை பத்தாயிரம் பேர். எங்கட பக்கம் மூவாயிரம்தான். அகழி வெட்டினம்."

"பெரிய குழி. நிறைய ஆட்கள்" என்றேன். முற்றுகைக்கு என்னிடம் சொல் இல்லை. அதிகாரி வேர்க்க வேர்க்கத் தட்டச்சு செய்தார்.

"எப்படி முடிந்தது?"

"காத்து வந்து கூடாரமெல்லாத்தையும் பிடுங்கிக்கொண்டு போட்டுது."

"காற்று" என்றேன்.

"எந்த வருடம்?"

"அறுநூற்று இருபத்தேழு."

தட்டச்சு நின்றது. என் மொழிபெயர்ப்பில்தான் பிழை என்று நினைத்த அதிகாரி மாஸ்டரிடம் காகிதத்தை நீட்டினார். மாஸ்டர் 627 என்று எழுதிக் கீழே கோடும் போட்டார். அதிகாரி எழுந்துபோய்க் கோப்பி குடித்துவிட்டு வந்து, விசாரணையை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், மாஸ்டர்! உங்களுக்கு நடந்ததைச் சொன்னா என்ன?"

"அதுக்கு வாய் வரேல்லை, தம்பி. தெரிஞ்ச போரைச் சொன்னன்."

அடுத்த கிழமை சொன்னார். நாலே வசனம். பள்ளிக்கூடம் எரிந்தது. அவர் ஜன்னலால் குதித்துத் தப்பினார். அவருடைய வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தப்பவில்லை. அவர்களுடைய பெயர்கள்தான் நாலாவது வசனம்.

சில மாதங்களில் அனுமதி வந்தது. வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போனார். ரயில் மறைந்த பிறகும் ஸ்டேஷனிலேயே நின்றேன். அவர் இல்லாத விடுதிக்குத் திரும்பிப் போக எனக்குக் கால் வரவில்லை.