திறமை இல்லை என்பதற்கு இரண்டு சாட்சி

'திறமை ஊதியம் ஒழிக' என்று தட்டி எழுதிக் காயவைத்துவிட்டு உள்ளே வந்த அர்ச்சுனன், அறிவிப்புப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பல்கலைக்கழகத்தின் கடத்தூர் வளாகத்தில் இந்த ஆண்டு திறமை ஊதியம் ஒரே ஒருவருக்கு. தேர்வுப் பிரிவு உதவியாளர் அர்ச்சுனனுக்கு.

ஊழியர் சங்கச் செயலாளரும் அவர்தான். "குடுத்தா எல்லாருக்கும் குடு, இல்லன்னா யாருக்கும் வேணாம்" என்று இரண்டு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியவர். திங்கட்கிழமை வாயிற்கூட்டம். அதற்குள் பலகையிலிருந்து பெயர் போகாவிட்டால், சங்கத்தில் இருபது வருஷமாகச் சேர்த்த பெயர் போய்விடும்.

நிர்வாக அலுவலர் நிர்மலாதேவியிடம் ஓடினார்.

"மேடம், எனக்கு வேணாங்க. பேரை எடுத்துடுங்க."

"வேணாம்னு சொன்னா எடுக்க ரூல்ஸ்ல எடமில்லைங்க. தகுதி இல்லன்னு காட்டினா எடுக்கலாம்."

"அதை எப்படிங்க காட்றது?"

"எனக்குத் திறமை இல்லன்னு ஒரு லெட்டர் எழுதுங்க. கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

இவ்வளவுதானா என்று அர்ச்சுனன் எழுத உட்கார்ந்தார். 'எனக்குத் திறமை இல்லை' என்பது வரை பேனா ஓடியது. அதற்குமேல் மனசு கேட்கவில்லை. பொய்க்கும் ஓர் அளவு உண்டல்லவா? 'எனினும், இதுநாள் வரை ஒரு மதிப்பெண் பட்டியலைக்கூடத் தவறாக அனுப்பியதில்லை' என்று சேர்த்தார். அது போலவே இன்னும் சில 'எனினும்'கள் சேர்ந்து கடிதம் இரண்டு பக்கம் ஆயிற்று.

மேடம் பொறுமையாகப் படித்தார். "இதைப் பாத்தா அடுத்த வருஷமும் உங்களுக்கே குடுக்கலாம் போலருக்கே. குறையை மட்டும் எழுதிட்டு வாங்க."

அர்ச்சுனன் யோசித்துப் பார்த்தார். தன்னிடம் குறை என்று ஒன்றும் அவருக்குத் தட்டுப்படவில்லை. சங்கத்தின் இணைச் செயலாளரான ஸ்டோர் குப்புராஜிடம் போனார்.

"அதுக்கென்னங்ணா, குடுங்க" என்று காகிதத்தை வாங்கிய குப்புராஜ், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'தினமும் தாமதமாக வருவார். சாப்பிட்டதும் மூன்று மணி வரை தூங்குவார். கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியாது.'

"நான் எப்பப்பா தூங்கினேன்?"

"நேத்துகூடத் தூங்கினீங்கணா. குறட்டை ஸ்டோர் வரைக்கும் கேட்டுச்சு."

இரண்டாவது சாட்சி டிரைவர் மாதப்பன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "எடம் பத்தலைங்க. பின்பக்கமும் எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தக் காகிதம் வளாகம் முழுக்கச் சுற்றி, மூன்று தாளாகப் பெருத்துத் திரும்பி வந்தது. கேட்காதவர்களும் எழுதியிருந்தார்கள். கேன்டீன்காரர்கூட ஒரு பத்தி எழுதியிருந்தார். அர்ச்சுனன் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். இவர்களுக்காகவா இத்தனை வருஷம் வெயிலில் நின்றோம்?

வீட்டில் மனைவி காவேரி அதை நிதானமாகப் படித்து முடித்தாள்.

"பரவால்லைங்க. நம்ம வூட்ல நடக்கறது எதுவும் அவங்களுக்குத் தெரியல."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெயரை எடுக்க வேண்டும் என்ற நினைப்பு மெல்ல மெல்லப் போயே போய்விட்டது. எனக்கா திறமை இல்லை என்ற ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. பார்க்கப்போனால், இந்த வளாகத்தில் திறமையைக் கண்டுகொண்டது அந்த நிர்வாகம் மட்டும்தானே?

திங்கட்கிழமை காலை வாயிலில் மொத்த ஊழியரும் கூடியிருந்தார்கள். அர்ச்சுனன் மைக்கைப் பிடித்தார். மூன்று தாளையும் எல்லாரும் பார்க்கக் கிழித்துப் போட்டார்.

"தோழர்களே, திறமைன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. அது இருக்கறவனுக்குக் குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல. நிர்வாகம் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு. நான் வாங்கிக்கறேன்."

குப்புராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்த துப்புரவுப் பணியாளர் தெரசா அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"என்னங்ணா இப்பிடிப் பண்ணிட்டீங்க? நீங்க லீவுல இருந்தப்ப, திறமையான ஆளு யாருன்னு எழுதிப் போடச் சொல்லி மேடம் பொட்டி வெச்சாங்க. செத்தாலும் அதை வாங்க மாட்டாருன்னு நம்பித்தான் நாங்க அத்தன பேரும் உங்க பேரை எழுதிப் போட்டோம்."