ஏகாரம் தவறிய வழக்கு

மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம் என்று விட்டுவைத்த இடத்தில் மைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மாதம் மும்மாரி பெய்ததா என்று அரசர் கேட்பதில்லை. மாதம் மூன்று கதைப்புத்தகம் வந்ததா என்றுதான் கேட்பார். அந்நாட்டு இளவட்டங்களுக்குக் கதை என்றால் உயிர். சனிக்கிழமை மாலையானால் நூலகக் கூடத்தில் கூடிவிடுவார்கள். முந்நூறு ஆண்டுப் பழங்கதையைப் பற்றி ஒருத்தி, நாயகி முதல் அத்தியாயத்திலேயே ஓடிப்போயிருந்தால் இத்தனை அழுகை மிச்சமாகியிருக்கும் என்பாள். சுடச்சுட விற்கும் பேய்க்கதையைப் பற்றி ஒருவன், பேயைவிட வாக்கியங்கள்தான் பயமுறுத்துகின்றன என்பான். சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், புத்தகங்களை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பேசியதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிவைப்பது கோதையின் வேலை. பத்தொன்பது வயது, முத்து முத்தான கையெழுத்து. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அரசர் திருமுடிக்கோன் ஒரு நாவல் எழுதினார்.

‘ஏழாம் துறை ஓடக்காரன்’ என்று பெயர். தொள்ளாயிரம் பக்கம். அது வெளிவந்த மறுவாரமே கருத்துத்துறை என்று ஒரு துறை முளைத்தது. அதற்கு அமைச்சர் பட்டயநம்பி. பழங்கதைகளைக் குறைசொல்வது முன்னோரைப் பழிப்பதாகும் என்று அவர் முதல் ஆணை போட்டார். பழசுதானே, போகட்டும் என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். அதிகம் விற்கும் கதையைக் குறைசொல்வது வாங்கிய மக்களைப் பழிப்பதாகும் என்று அடுத்த ஆணை வந்தது. அதையும் விட்டுவிட்டார்கள். இனி நாவில் தங்கக்கூடிய சொற்கள் மூன்றே என்றது அதற்கடுத்தது. அவை: அருமை, மிக அருமை, சொல்ல வார்த்தையில்லை. மூன்றாவதைச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசினால் பொய்ச்சாட்சி.

படித்துவிட்டுக் கருத்துச் சொல்வதால் நாட்டின் பொழுது வீணாகிறது என்பதையும் துறை கண்டுபிடித்தது. ஆகவே கருத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். கருத்து வந்தபின் படிப்பானேன் என்று அலமாரிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியைக் கோதையிடம் கொடுத்தார்கள். அவள் இப்போது அரசாங்கக் கருத்தெழுத்தர். நாட்டில் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்க உரிமை உள்ள ஒரே பெண். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோதைக்கு ஆதன் என்றொரு நண்பன். ஒரே புத்தகத்தை நடுவில் பிய்த்து, முன்பாதியை இவளும் பின்பாதியை அவனுமாகப் படித்து வளர்ந்தவர்கள். பூட்டு விழுவதற்கு முன்பே அவன் அரசரின் நாவலை இரண்டு முறை படித்திருந்தான். மைநாட்டில் அதை உண்மையிலேயே படித்தவன் அவன் ஒருவன்தான். கூடத்தில் அந்த நாவலுக்குக் கருத்துக் கேட்ட நாளில் எல்லாரும் வரிசையாக எழுந்து அருமை, அருமை என்று சொல்லி உட்கார்ந்தார்கள். ஆதன் எழுந்தான். தலையை ஆட்டிக்கொண்டே, “பரவாயில்லையே!” என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு நூறு ‘அருமை’யும் உறைபோடக் காணாது என்பது கோதைக்குத் தெரியும். அவன் வாயிலிருந்து அது வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. ஆனால் அனுமதிக்கப்பட்ட மூன்று சொற்களில் அது இல்லையே என்று அவள் பதறினாள். பதற்றத்தில் கடைசி ஏகாரம் விடுபட்டுவிட்டது. ‘பரவாயில்லை’ என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டாள்.

அந்தச் சொல் புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று தீர்மானிக்க மூன்று புலவர்கள் பதினொரு நாள் அமர்ந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மன்றம் கூடியது. பட்டயநம்பி எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் கைதவறி நம்மேல் ரசத்தைக் கொட்டிவிடுகிறார். அப்போது நாம் சொல்லும் சொல் எது? பரவாயில்லை என்பது. அதாவது, கொட்டியவரை மன்னித்தோம் என்பது பொருள். ஆகவே, அரசர் தம் நாவலைத் தன்மேல் கொட்டிவிட்டதாக இந்த இளைஞன் கருதுகிறான். கருதியதோடு நில்லாமல் மன்னித்தும் இருக்கிறான். மன்னிப்பது அரசரின் தனியுரிமை. குடிமகன் அரசரை மன்னிப்பது ராஜத்துரோகம்.”

“நான் பரவாயில்லையேன்னு சொன்னேங்க,” என்றான் ஆதன். “கடைசியில ஏகாரம் இருந்துச்சு. ரொம்பப் பிடிச்சுப்போய்ச் சொன்னது. கோதையக் கேளுங்க, பக்கத்துலதான் இருந்தா.”

மன்றம் முழுக்கக் கோதையைத் திரும்பிப் பார்த்தது.

“கருத்தெழுத்தரே,” என்றார் அமைச்சர் கனிவாக. “அரசாங்கக் குறிப்பேட்டில் பிழை இருக்கக்கூடுமா? இருக்குமானால் சொல்லலாம். சொல்லிவிட்டுச் சாவியை இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம்.”

ஓர் எழுத்து. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். கோதை இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“காதுல விழுந்ததைத்தான் எழுதினேங்க ஐயா,” என்றாள்.

ஆதன் அவளைப் பார்க்கவில்லை. அவன் முறைத்திருந்தாலாவது அவள் பதிலுக்கு முறைத்திருப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், தப்புச் செய்தவன் தான்தான் என்பதுபோல.

குற்றத்துக்கு ஏற்ற தண்டனையைப் பட்டயநம்பி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, “இவன் அரசரின் நாவலைப் பத்து முறை படிக்கக் கடவான்,” என்றார்.

என்ன சொல்லிவிட்டோம் என்பது அமைச்சருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் நுணலுக்கு எழுத்தர் கிடையாது. அவர் கோதையைப் பார்த்தார். கோதை அந்த வரியை அழகாகக் கோடிழுத்து அடித்தாள். அதற்குள் ஆதன், “ரெண்டு தடவ ஆச்சுங்க, இன்னும் பத்துன்னா சந்தோஷந்தான்,” என்று சொல்லித் தொலைத்தான். தண்டனையில் மகிழ்வது மன்ற அவமதிப்பு என்று அமைச்சர் பிடித்துக்கொண்டார். தெற்கே, உப்பு ஏரிக்கரை உப்பளத்தில் மூன்று ஆண்டு. மிக அருமை என்றது மன்றம்.

அதன்பின் கோதைக்குப் பதவி உயர்ந்தது. சனிக்கிழமைக் கூட்டம் நின்றுபோயிற்று; வீட்டில் இருந்தபடியே எல்லாரும் கருத்து அனுப்பினார்கள். அனுப்பாதவர்களுக்காக அவளே எழுதினாள். அரசரின் இரண்டாம் பாகத்துக்கு நாற்பதாயிரம் கருத்துகள் சேர்ந்தன. அரசர் இன்னும் எழுத உட்காரவில்லை. எந்தச் சாவிக்காக ஆதனை விற்றாளோ அந்தச் சாவியால் ஓர் அலமாரியைக்கூட அவள் திறக்கவில்லை. திறக்கப் போனால் மன்றத்தில் அவன் குனிந்த தலை கண்ணில் வந்து நின்றது.

ஏழாம் மாதம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று உப்பளத்துக்குப் போனாள். கறுத்து, உதடு வெடித்து, கையில் உப்புவாரியோடு ஆதன் வந்து நின்றான். அவள் வாயெடுக்கும் முன்பே அவன் முந்திக்கொண்டான்.

“ரெண்டாம் பாகம் வந்துருச்சாமே? நாற்பதாயிரம் பேர் பாராட்டினாங்கன்னு காவலர் சொன்னாரு. நீ படிச்சியா?”

“ம்,” என்றாள்.

“ஓடக்காரன் பொண்டாட்டி திரும்பி வந்துட்டாளா?”

அப்படி ஒரு பாகமே இல்லை என்று சொல்ல வந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “வந்துட்டா,” என்றாள்.

ஆதன் முகம் மலர்ந்துவிட்டது. பாத்திகளின் பக்கம் திரும்பி, அவள் வந்துட்டாளாம் என்று கூவினான். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். எழுபது எண்பது பேர் இருக்கும். முதல் பாகம் முழுவதையும் அவர்களுக்கு அவன் நினைவிலிருந்தே சொல்லியிருந்தான். அவள் போனது சரியா தப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஏழு மாதமாக அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. அரசர் எழுதியது மோசம் என்று சொல்லவும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அவர்கள் கோதையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். நடந்தா வந்தாள், ஓடத்திலா, வந்தவள் முதலில் என்ன பேசினாள் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். ஆதன் எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னான். “கோதை அரசாங்க எழுத்தர். ஒரு எழுத்து விடாம சொல்லுவா,” என்றான். அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. அவன் மனதாரத்தான் சொன்னான்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது கோதைக்கு. ஓடக்காரன் மனைவியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.