குழல்சாமியும் ஏழு தொக்கமும்

வெம்பக்கோட்டைக்குப் போகிற ரோட்டில், வைப்பாற்று மணலில், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு திருவிழா நடந்தது. கொடியேற்றம் கிடையாது, தேர் கிடையாது. கூட்டம் மட்டும் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலைத் தோற்கடித்தது. சாத்தூர்க்காரர்கள் வண்டி கட்டி வந்தார்கள். விருதுநகர் வற்றல் வியாபாரிகள் காரில் வந்து, காருக்குள்ளேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுமணலில் குதித்துக் குதித்து நடந்தார்கள். எல்லாம் குழல்சாமியைப் பார்க்கத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. சிவகாசியில் மூன்று கலரில் அடித்த நோட்டீஸ் சந்துபொந்தெல்லாம் ஒட்டியிருந்தது. "கத்தி இல்லை! ஊசி இல்லை! கசப்பு மருந்து இல்லை! குழல் வைத்த நொடியில் தொக்கம் வெளியே!"

தின்ற சோறு செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு, ஆளை இளைக்க வைக்கிறதாம். அதற்குத்தான் தொக்கம் என்று பேர். வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி அதை வெளியே எடுத்துவிடுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒருவர் உண்டு. ஆனால் அவர்களெல்லாம் சின்னப்பிள்ளை வைத்தியர்கள். குழல்சாமி அப்படியில்லை. கண் மங்கலா? கண்ணில் தொக்கம். காது மந்தமா? காதில் தொக்கம். பிள்ளை தங்கவில்லையா? அங்கேயும் தொக்கம்தான். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர், பிரசவத்துக்கு ஒரு டாக்டரம்மா என்று வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். பாவம், படித்தவர்கள்! குழல்சாமிக்கு உச்சி முதல் பாதம் வரை ஒரே செம்புக் குழாய். அதுவும் ஒரு சாண் நீளம்.

இன்னொரு விசேஷம், சாமி பேச மாட்டார். விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை மௌன விரதம். ஒவ்வொரு நோயாளியைப் பார்த்ததும் ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் தியானம் செய்துவிட்டு, கன்னம் லேசாக உப்பியபடி திரும்பி வருவார். அது அருள் நிறைந்த முகம் என்று சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேச மாரிசாமி என்ற சிஷ்யர் இருந்தார்.

இந்தக் கூட்டத்தில் மூன்று வெள்ளிக்கிழமையாக வள்ளித்தாயும் நின்றாள். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டுகிறவள். நீலத்தாளும் பசையுமாகவே வாழ்ந்து, விரல் நுனி எப்போதும் மொரமொரவென்று காய்ந்திருக்கும். அவளுடைய ஐந்து வயது மகள் மாடத்திக்கு இருமல். சாயந்தரமானால் காய்ச்சல். கை கால் குச்சியாகிவிட்டது. சிவகாசி மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சில் காசம் என்று சொல்லி, ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் எடுக்க வேண்டிய வைத்தியம்.

"ஒரு வருசமா?" என்று அவள் புருஷன் தங்கச்சாமிக்கு மலைப்பாக இருந்தது. "குழல்சாமி நாலே வெள்ளிக்கிழமைங்கிறாரே!"

தங்கச்சாமி பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடப்பான், வெயில் படாமல் தன் தலைத்துண்டை அவள் தலையில் போட்டுவிட்டு. அவ்வளவு நல்லவன். நல்லவனாக இருப்பதால்தான் யார் எதைச் சொன்னாலும் நம்பினான். இரண்டாவது வாரம் மாரிசாமி, "ஊசி மருந்தும் தொக்கமும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஊசியை நிறுத்துங்க, இல்லேன்னா தொக்கம் உள்ள ஒட்டிக்கிடும்" என்றார். தங்கச்சாமி அன்றோடு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினான்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதும் வள்ளித்தாய் கேட்டாள்.

"ஏங்க, மூணு வாரமும் சாமி பிள்ளை வயித்துலேருந்து எடுத்தது என்னன்னு பாத்தீகளா?"

"பாத்தேனே. இட்லித் துண்டு. ஒரு முடியும் சுத்தியிருந்துச்சு."

"நம்ம வீட்டுல கடைசியா எப்ப இட்லி அவிச்சோம்?"

"தீவாளிக்கு."

"இப்ப பங்குனி."

அவள் எதிர்பார்த்தது வேறு. தங்கச்சாமியின் முகமோ மலர்ந்துவிட்டது. "பாத்தியா புள்ள! தீவாளிக்குத் தின்னது இம்புட்டு நாளா அங்கனயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு! சாமி இல்லாட்டி நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? கம்பங்கூழை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். மாடத்தி இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து இருமினாள்.

திங்கட்கிழமை குடையும் பையுமாக மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானதீபம் வந்து நின்றாள்.

"பத்து நாளா பிள்ளையைக் காணோமே, வள்ளித்தாயி! ஊருக்குப் போயிட்டீகளோன்னு நெனச்சேன்." மாடத்தியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாடி பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் நர்சம்மாவின் குரல் மாறியது. "இந்த மருந்தை விட்டுவிட்டுப் போட்டா, கிருமி அதுக்குப் பழகிக்கிடும். அப்புறம் அதே மருந்தை வண்டி வண்டியாக் கொட்டினாலும் கேக்காது. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போச்சுன்னா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குப் புரியுது நர்சம்மா. அவுகளுக்குப் புரியலையே. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. உங்க மருந்து நெசமா வேலை செய்யுதுன்னு உங்க டாக்டர்மாருக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நர்சம்மா கோபிக்கவில்லை. குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தே விட்டாள். "நல்லாக் கேட்ட. ஒருத்தருக்குக் குணமானா டாக்டருக நம்ப மாட்டாக. தானாக்கூட ஆகியிருக்கும். ஒரு புது மருந்து வந்தா, கொஞ்சப் பேருக்கு மருந்தைக் குடுப்பாக. கொஞ்சப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு மாத்திரையைக் குடுப்பாக. எது மருந்து, எது மாவுன்னு குடுக்கிற நர்சுக்கே தெரியாது. கடைசியில எண்ணிப் பாப்பாக. மாவு தின்னவுகளுக்கும் அதே அளவு குணம்னா, அந்த மருந்தைக் குப்பையில போட்டுருவாக."

வள்ளித்தாய் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இருக்காது.

"என்ன யோசனை?" என்றாள் நர்சம்மா.

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை சாயந்தரம் பிள்ளையோட நானே வாரேன். இல்லேன்னா வரவே மாட்டேன்."

குழல்சாமி சன்னிதியில் ஒரு வழக்கம் இருந்தது. வியாழக்கிழமை காலையில் செம்புக் குழாயை ஒரு தெருவுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். முறை வருகிற வீட்டுச் சுமங்கலி அதை மஞ்சள் நீரில் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மறுநாள் தாம்பாளத்தில் பூவோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரிய பாக்கியம். அந்த வாரம் பக்கத்து வீட்டு அய்யம்மாளின் முறை. வள்ளித்தாய் கேட்டதும், "எடுத்துக்கோடி. பிள்ளை பொழைச்சுக் கெடந்தாச் சரி" என்று விட்டுக்கொடுத்தாள்.

வள்ளித்தாய் குழாயைக் கழுவினாள். நீலத்தாளைக் கசக்கிப் பசையில் தோய்த்து, குழாயின் நடுப்பகுதிக்குள் குச்சியால் இடித்து இறுக்கினாள். பங்குனி வெயிலில் பகல் பூராவும் கூரை மேல் காயப் போட்டாள். பசை கல்லாகிவிட்டது. வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாள். கன்னம் குழிந்ததே தவிர ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. பிறகு சந்தனத்தைப் பூசிக் குங்குமம் வைத்தாள்.

சாமி நிஜமாகவே சாமியாக இருந்துவிட்டால்? அதற்கும் மனசுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தாள். நிஜமாக உறிஞ்சுகிறவர் என்றால் முதல் ஆளிடமே குழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்து சொல்லிவிட்டால், எல்லார் முன்னாலும் அவர் காலில் விழுந்துவிடுவது. ஊசியையும் மறந்துவிடுவது.

வெள்ளிக்கிழமை வந்தது. தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டு வள்ளித்தாய் எண்ண ஆரம்பித்தாள்.

முதலில் சாத்தூர்க்காரர் ஒருவர், கண் மங்கல். சாமி பொட்டில் குழாயை வைத்தார். கன்னம் ஆடியது. வாழை இலையில் துப்பினார். இட்லித் துண்டு! "கண்ணுலேருந்து வந்திருக்கு பாருங்க!" என்று மாரிசாமி கூவினார். கண்ணுக்குள் இட்லி எப்படிப் போனது என்று கேட்க அங்கே யாருக்கும் கண் இருக்கவில்லை.

இரண்டாவது, காது மந்தம். இட்லி. மூன்றாவது, முட்டி வலி. முட்டியிலிருந்தும் இட்லி. அடுத்த தியானம் கொஞ்சம் நீண்டது. நான்காவது நெஞ்செரிச்சல்காரருக்கு மட்டும், அவர் காரில் வந்தவர் என்பதாலோ என்னவோ, வடை வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. ஏழு உடம்பு, ஏழு நோய், ஏழு தொக்கம்.

"மாடத்தி! முன்னால வாங்க!"

தங்கச்சாமி மகளைத் தூக்கிக்கொண்டு போனான். சாமி தட்டிக்குப் பின்னாலிருந்து அருள் நிறைந்த கன்னத்தோடு வந்தார். குழாயை எடுக்கக் குனிந்தார். அதற்கு முன் வள்ளித்தாய் எடுத்துவிட்டாள்.

"மாரிசாமியண்ணே, ஒரு செம்புத் தண்ணி குடுங்க."

"எதுக்குத்தா?"

"பிள்ளைக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம் அலசிக்கிடுறேன்."

செம்பு வந்தது. குழாயைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் மேல்வாயில் நிரம்பி வழிந்தது. கீழ்வாயில் ஒரு சொட்டு இல்லை. கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. நேத்தே நான் நீலத்தாளை வச்சு அடைச்சுப்பிட்டேன். தண்ணியே போகாத குழாயில ஏழு பேருக்கு இட்லியும் வடையும் எப்படி வந்துச்சு?"

முன்வரிசைக்காரர்கள் குழாயின் கீழ்வாயை எட்டிப் பார்த்தார்கள்.

மாரிசாமி சும்மா விடுகிற ஆளா? "ஏ சண்டாளி! குழலையே அடைச்சுட்டியா? சனங்களே, கேட்டீகளா? அடைச்ச குழாயிலயும் எடுத்திருக்காருன்னா, சாமிக்கு எம்புட்டுச் சக்தி இருக்கணும்!"

"அதானே!" என்றார் ஏழாவது ஆள். பாதிக் கூட்டம் தலையாட்டியது. முட்டி வலிக்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

வள்ளித்தாய் குழாயைத் தாம்பாளத்தில் வைத்தாள். "சக்தி இருக்கட்டும். அப்ப குழாயே வேண்டாம். சாமி வாயைத் தொறந்து காட்டட்டும், போதும்."

எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். சாமி வானத்தைப் பார்த்தார்.

தங்கச்சாமி மகளை இறக்கி விட்டுவிட்டுப் பக்கத்தில் போனான். அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சாமி, என் பொண்டாட்டி ஏதோ தெரியாமப் பேசுறா. நீங்க 'ஆ'ன்னு ஒரு தரம் காட்டுங்க. நான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். நீங்க சொன்னீகன்னுதான் பிள்ளைக்கு ஊசியை நிறுத்தியிருக்கேன்."

சாமிக்கு வேறு வழி தெரியவில்லை. வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கப் பார்த்தார். முடி சுற்றிய இட்லி தொண்டையில் நின்றுகொண்டது. கண் பிதுங்கியது. முகம் கறுத்தது. கையைக் காலை உதறினார்.

"ஐயோ, சாமிக்கு அடைச்சிருச்சு!" என்று தங்கச்சாமி பதறினான். லோடு தூக்குகிற கை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். இன்னொன்று வைத்தான். மூன்றாவது அறையில் மாடத்திக்கென்று வைத்திருந்த தொக்கம், முடியோடு, மாரிசாமியின் வெள்ளை வேட்டியில் போய் விழுந்தது.

"அடிச் சக்கை! சாமிக்கே தொக்கம் எடுத்துட்டான்லே தங்கச்சாமி!" என்று அய்யம்மாள் கத்தினாள்.

சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து ஆற்றுக்கரை முழுவதும் பரவியது. "விட்டுருங்கய்யா, வயித்துப் பொழைப்பு!" என்று குழல்சாமி மௌனம் கலைத்தார். அருமையான, கணீரென்ற குரல். இத்தனை நாள் வீணாகக் கிடந்தது. நாலைந்து பேர் தட்டிக்குப் பின்னால் ஓடிப் பார்த்தார்கள். ஒரு தூக்குப்போணி நிறைய இட்லி, ஓரத்தில் இரண்டு வடை, ஒரு சிக்கெடுத்த முடிக்கற்றை. தியானத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன.

தங்கச்சாமி சிரிக்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சிவகாசிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். வள்ளித்தாய் பின்னால் ஓடினாள். ஒரு மைல் தாண்டிய பிறகு, "எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றான்.

"சொல்லியிருந்தா அடைக்க விட்டிருப்பீகளா?"

யோசித்துப் பார்த்தான். "விட்டிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டான். துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தான். அவள் எட்டி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மாடத்தி ஊசிக்கு வீறிட்டு அழுதாள். தங்கச்சாமி நர்சம்மாவின் முன்னால் தயங்கித் தயங்கி நின்றான்.

"நர்சம்மா, தப்பா நெனைக்காதீக. இந்த ஊசி பிள்ளைக்குப் பிடிக்குதுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?"

ஞானதீபம் சிரித்தாள். தராசில் மாடத்தியை நிறுத்தி, ஒரு அட்டையில் எடையை எழுதி அவன் கையிலேயே கொடுத்தாள். "மாசாமாசம் நிறுத்துப் பாப்போம். மூணு மாசத்துல திரும்ப எக்ஸ்ரே. ரெண்டு வாரம் விட்டதுக்கு என்ன பாதிப்புன்னு அப்பத்தான் தெரியும். எடை ஏறலைன்னா என் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க. டாக்டரையும் கேளுங்க."

தங்கச்சாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அடுத்த வாரமே விருதுநகர்ப் பக்கம் ஒரு தண்ணீர்ச்சாமி புறப்பட்டிருப்பதாகக் கேள்வி. நோட்டீஸ் நாலு கலராம். அந்த வற்றல் வியாபாரிகளின் கார் இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. போகட்டும். நம்முடைய சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனிகளில், பண்டலுக்குப் பத்துக் குச்சியை எடுத்து உரசிப் பார்த்த பிறகுதான் லோடு ஏற்றுகிறார்கள். ஒரு நொடி எரிந்து அணைகிற குச்சிக்கே அவ்வளவு சோதனை. பெற்ற பிள்ளையைத் தொட வருகிறவனை மட்டும் ஏனய்யா சோதிக்காமல் கும்பிடுகிறீர்கள்?