விருந்தாளிக்குக் கொடுத்த மீன்

தண்டர் பேயில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ஹோரஸ் அவர்களுக்கு, ஆற்றங்கரைக் கடை ரூபன் சகானி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை எர்னஸ்டீனும் உயிரோடிருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நாம் சாப்பிடும் மீனில் பாதரசம் எவ்வளவு என்று பார்க்கும் ஐந்து ஊர்க் கூட்டு ஆய்வுக்கு நீங்கள்தான் தலைவர் என்பதால் நேராக உங்களிடமே வருகிறேன். ஆய்வை நம் ஆட்களே நடத்துவோம், கேள்வியும் நம்முடையது, முடிவும் நமக்கே சொந்தம், பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூடமாட உதவிக்குத்தான் என்று நீங்கள் பேசியபோது முதலில் கைதட்டியவன் நான். என்னை இந்த ஊர் ஒருங்கிணைப்பாளராக்கியது என் அறிவைப் பார்த்து அல்ல, கடையில் இருக்கும் பெரிய ஃப்ரீசரைப் பார்த்துத்தான் என்பதும் தெரியும். வீட்டில் சாப்பிடுகிற மீனில் ஒன்று கொண்டுவாருங்கள் என்றேன். நாற்பது வீடு, நாற்பது பை. தேர்தலுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. எல்லாம் முழங்கை நீளம், கண்ணாடி மாதிரிக் கண். ஆய்வுக்கூடத்து முடிவு வந்தது: மீனில் பாதரசம் அளவுக்குள்தான். அதே வாரம் நம் தலைமுடியில் பாதரசம் பார்த்த சோதனையும் வந்தது: பாதி ஊருக்கு அளவு தாண்டிவிட்டது. அரசாங்க அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மீன் சுத்தம். பல்லுல ஓட்டைய பாதரசக் கலவையால அடைச்சிருப்பீங்க, அதுலேர்ந்து ஏறியிருக்கும்" என்றார். ஐஸ் ஹாக்கியில் பல்லையெல்லாம் பறிகொடுத்த நம் வாலஸ் எழுந்து வாயைத் திறந்து காட்டினான். "எங்கேன்னு பாத்துச் சொல்லுங்கய்யா!"

கூட்டம் முடிந்ததும் அவனைக் கடைக்குள் இழுத்துவந்து கேட்டேன்.

"மீன எங்கடா பிடிச்ச?"

"மேல் ஏரியில, ஆலைத் தண்ணி சேராத இடம். எல்லாரும் அங்கதான் போனோம். படகத் தோள்ல தூக்கிட்டு ரெண்டு மைல் நடை, தெரியுமா?"

"அடப்பாவி! காகித ஆலைக்குக் கீழ ஆத்துல தினம் பிடிச்சுத் திங்கிறியே, அதத்தானே கேட்டேன்!"

"படிச்ச பிள்ளைங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு. விருந்தாளி கையில ஆலைத் தண்ணி மீனக் குடுக்கச் சொல்றியா? உங்கம்மா உன்ன அப்படியா வளத்தா?"

"அவங்க திங்கறதுக்கில்லடா, அறுத்துச் சோதிக்கறதுக்கு!"

"திங்காத மீன எதுக்குடா கொல்லணும்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் மச்சான்? சிரிக்கலாம்தான். ஆனால் பாதரசம் ஏறி எர்னஸ்டீனுக்குக் கை ஆடுகிறது. கடையில் மீன் அரிகிறவள், கத்தி இரண்டு தடவை விரலில் இறங்கிவிட்டது. பக்கவாட்டில் இருப்பது கண்ணில் படாமல் கதவு நிலையில் போய் மோதிக்கொள்கிறாள். "ஒரு சொட்டுக் குடிக்கல, குடிகாரியப் பாக்கற மாதிரிப் பாக்கறாங்க" என்கிறாள். காகித ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கிற விசாரணை பத்தொன்பதாம் தேதி. இந்த அறிக்கை அங்கே போனால் கழிவை ஆற்றில் விட்டுக்கொள் என்று நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகும். அதனால் அறிக்கையை நிறுத்தி வையுங்கள். ஆலைக்குக் கீழே மறுபடி பிடிப்போம், படகு என்னுடையது. குற்றம் யார் மேலும் இல்லை. நம் மரியாதையே நம்மைக் கவிழ்த்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் வலை கிழியாமலும் உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
ரூபன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். எல்லாம் மேல் ஏரி மீன் அல்ல. ஒரு பை ஆலைக்குக் கீழே பிடித்தது. எர்னஸ்டீன் கொண்டுவந்தது. "நா திங்கறதத்தானே கேட்டாங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். அதில் பாதரசம் அளவைப் போல ஏழு மடங்கு. இது ஒன்று மட்டும் தனியாக நிற்கிறதே, ஏதோ பிழை என்று நீக்கிவிடலாமா என்று ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருங்கிணைப்பாளரான என்னைக் கேட்டார்கள். கோடையில் மீன் பிடிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் என் படகு அத்தனையும் வாடகைக்குப் பேசி வைத்திருந்தார்கள்; ஆற்று மீனில் விஷம் என்று தெரிந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். நீக்குங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று மத்தியானமும் அந்த ஆற்று மீனைத்தான் வறுத்து வைத்தாள். எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.